கூன்வண்டுக்கு உண்டு, நமக்கு உண்டா?

கேள்வி கேட்டவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருவர். கோவையில் வேலை. 'ஃபெரோமோன் கலந்தது' என்று விளம்பரம் பார்த்து ஒரு சென்ட் பாட்டிலை 1,400 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். "யானைக்கு இருக்குதுங்கறாங்க, பூச்சிக்கு இருக்குதுங்கறாங்க, மனுசனுக்கு மட்டும் இல்லாமயா போகும்? விஞ்ஞானிங்க கண்டுபுடிச்சாச்சா, இல்லீங்களா? ஒரு மாசமா அடிச்சுட்டுப் போறேன், ஒரு மாத்தமும் தெரியலீங்க." இதுதான் அவர் எழுதியதன் சாரம்.

தம்பி, நேர்ப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபெரோமோன் என்பது ஒரு உயிர் வெளியே விட்டு, அதே இனத்து இன்னொரு உயிரை அசைக்கிற வேதிப்பொருள். மனித உடலிலிருந்து வருகிற ஒரே ஒரு பொருளைக்கூட 'இது ஃபெரோமோன்தான்' என்று மறுபேச்சுக்கு இடமில்லாமல் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இல்லவே இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. உங்கள் சென்ட் பாட்டிலில் இருப்பது பன்றிக் கதை. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

நான் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன். இப்போது வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தென்னையோடு காலம் போகிறது. சித்தூர்த் தாலுக்கா. ஆந்திரச் சித்தூர் இல்லை, கள்ளுக்குப் பேர்போன நம்ம பாலக்காட்டுச் சித்தூர். தோப்பு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி தொங்குகிறது. பக்கவாட்டில் நான்கு ஓட்டை, வண்டு கால் பிடித்து ஏற வெளியே சாக்குத்துணி, உள்ளே கொஞ்சம் தண்ணீரில் புளிக்கவிட்ட கரும்புத் துண்டு. மூடியின் அடியில் கம்பியில் கட்டிய ஒரு சின்ன உறை. அதற்குள்தான் சரக்கு. கேரள வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் இதை 'ஃபெரோமோன் கெணி' என்பார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் 'இனக்கவர்ச்சிப் பொறி'. காலையில் மூடியைத் தூக்கினால் துருவேறின நிறத்தில், நீண்ட மூக்கோடு, சிவப்புக் கூன்வண்டு நாலைந்து மிதக்கும். பெரும்பாலும் பெண் வண்டுகள். சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

உறைக்குள் இருப்பது 4-மெத்தில்-5-நோனனால். ஃபெருஜினியால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண் கூன்வண்டு தன் உடம்பிலிருந்து விடுகிற வாசம் இது. 1993-இல் அடையாளம் கண்டார்கள். இன்று ஆலையில் செய்து உறையில் அடைத்து விற்கிறார்கள். கவனியுங்கள், வாளிக்குள் அழைக்கிற வண்டு என்று எதுவும் இல்லை. ஒரு வேதிப்பொருள் மட்டும் தொங்குகிறது. அதைத் தேடி உயிருள்ள வண்டு பறந்து வந்து விழுகிறது. ஃபெரோமோன் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்த அளவுக்குக் கண்முன்னே நிற்க வேண்டும்.

அதே வாளியில் புளித்த கரும்பு வாசமும் இருக்கிறதே, அதுவும் வண்டை இழுக்கத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். இழுக்கும். ஆனால் அது ஃபெரோமோன் இல்லை. அது தீனியின் வாசம். ஒரே இனத்தைச் சேர்ந்த ஒரு உயிர் விட்டு, இன்னொரு உயிர் அதை ஏற்று, குறிப்பிட்ட ஒரு செயலிலோ உடல் மாற்றத்திலோ போய் முடிந்தால்தான் ஃபெரோமோன். சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கம் ஆள் கூடுவதை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லையே.

'இனக்கவர்ச்சி' என்ற தமிழ்ச் சொல் அழகானதுதான், ஆனால் பாதி வழியில் ஆளை ஏமாற்றும். எல்லாமே ஆண்-பெண் சமாச்சாரம் என்று நினைக்க வைத்துவிடும். எறும்பு சாரை பிடித்துப் போவது ஃபெரோமோனால். தேனீ ஒன்று கொட்டியதும் மற்றவை திரண்டு வருவது ஃபெரோமோனால். அந்த அபாய வாசத்தின் முக்கியப் பொருளான ஐசோஅமைல் அசிடேட் பழுத்த வாழைப்பழம் போலவே மணக்கும். என் வாளியில் இருப்பதுகூடக் 'கூடி வாருங்கள்' வாசம்தான், அதனால்தான் ஆணும் கொஞ்சம் விழுகிறது.

சொல் பிறந்தது 1959-இல். பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர் கிரேக்கத்திலிருந்து கோத்தெடுத்தார்கள். அதே வருடம் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்ட் முதல் ஃபெரோமோனை அடையாளம் காட்டினார். பட்டுப்பூச்சியின் பாம்பிகால். அதற்கு அவருக்குக் கிட்டத்தட்ட 20 வருடமும், சுமார் 5,00,000 பெண் பட்டுப்பூச்சிகளின் வால்நுனிச் சுரப்பிகளும் தேவைப்பட்டன. அத்தனையிலிருந்தும் கிடைத்தது சில மில்லிகிராம். அவர் நடந்த பாதையைச் சொன்னால்தான் மனித ஆராய்ச்சி எங்கே இடறியது என்று புரியும். பெண் பூச்சி இருக்கும் பக்கம் ஆண் பூச்சி சிறகடித்து ஆடுகிறது. முதலில் அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதிக்கு ஆண் ஆடுகிறது என்று ஒவ்வொரு முறையும் பூச்சியிடமே கேட்டார்கள். கடைசியில் மிஞ்சின ஒற்றைப் பொருளைச் சோதனைச்சாலையில் செய்து, பூச்சி விடுகிற அதே துளியளவில் காட்டினார்கள். ஆண் ஆடியது. ஆட்டம் முதலில், மூலக்கூறு கடைசியில்.

பாலூட்டிகளுக்கும் இது உண்டு, சந்தேகமே வேண்டாம். வெள்ளாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், பருவத்துக்கு வந்த பெட்டையின் மூத்திரத்தை மோந்த கிடாய் தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டி அப்படியே நிற்கும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் 'கெடா சிரிக்குது' என்பார்கள். எதிர்த்திசையிலும் விஷயம் இருக்கிறது. கிடாயைப் பிரித்து வைத்துவிட்டுச் சில வாரம் கழித்துப் பட்டிக்குள் விட்டால் பெட்டைகள் பருவத்துக்கு வந்துவிடும். இதன் காரணத்தை 2014-இல் டோக்கியோ ஆராய்ச்சியாளர்கள் பிடித்தார்கள். கிடாய்களின் தலையில் தொப்பி மாட்டி, முடியிலிருந்து கிளம்புகிற ஆவியைச் சேகரித்தார்கள். பெட்டையின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக ஓட்டுகிற நரம்புக் கூட்டத்தில் மின்முனை வைத்து எந்த ஆவிக்கு அது விழிக்கிறது என்று பார்த்தார்கள். கிடைத்தது 4-எத்தில்ஆக்டனால். காயடித்த கிடாயிடம் அது இல்லை. இதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு: அந்தப் பொருள் எலுமிச்சை மாதிரி மணக்குமாம். காற்றுப்பட்டு ஆக்சிஜன் ஏறி அமிலமாக மாறின பிறகுதான் நமக்குத் தெரிந்த அந்தக் கிடாய் மொச்சை வாடை வருகிறது.

யானையையும் கேட்டிருந்தீர்கள். ஆசியப் பெண் யானை சினைக்குத் தயாராகும்போது மூத்திரத்தில் விடுகிற பொருளை 1996-இல் பெட்ஸ் ராஸ்முசன் குழு கண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்துகிற அதே சேர்மம். மதநீரில் இருக்கிற ஃபிரான்டலினும் அப்படித்தான், மரப்பட்டை வண்டுகளிடமும் உண்டு. வாளையார்க் காட்டில் ஆண் யானை தும்பிக்கை நுனியை மண்ணில் தொட்டு வாய்க்குள் கொண்டுபோவதைப் பார்த்திருந்தால், அது வாசத்தை அண்ணத்தில் இருக்கிற உறுப்பில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உறுப்பு நமக்கும் உண்டா என்பது அடுத்த கேள்வி. ஜேக்கப்சன் உறுப்பு என்பார்கள். கருவில் உருவாகிறது. வளர்ந்த பிறகு மூக்கின் நடுச்சுவரில் பலருக்கு ஒரு சின்னக் குழி மிஞ்சும். ஆனால் அதிலிருந்து மூளைக்கு நரம்பு போவதில்லை, அது வேலை செய்யத் தேவையான முக்கிய மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. 'பார்த்தீர்களா, மனிதனுக்கு ஃபெரோமோன் கிடையாது' என்று இங்கேயே கதையை முடிக்கிறவர்கள் உண்டு. அது தவறு. பெண் பன்றிக்கு அந்த உறுப்பை அடைத்துவிட்டாலும் ஆண் பன்றியின் வாசத்துக்கு அது அசையாமல் நிற்கத்தான் செய்கிறது. சாதாரண மூக்கே போதும்.

இப்போது பன்றிக்கு வந்துவிட்டோம். ஆண் பன்றி நுரை தள்ளும்போது எச்சிலில் ஆண்ட்ரோஸ்டினோன், ஆண்ட்ரோஸ்டினால் என்று இரண்டு வருகிறது. பருவத்தில் இருக்கிற பெண் பன்றி அதை மோந்ததும் முதுகை விறைத்து நின்றுவிடும். இந்த வாசத்தை ஸ்ப்ரே டப்பாவில் அடைத்துப் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு விற்கிறார்கள், செயற்கைக் கருவூட்டலுக்குச் சரியான நேரம் பார்க்க. இந்தச் சேர்மங்கள் மனிதனின் அக்குள் வியர்வையிலும் கொஞ்சம் இருப்பது தெரிந்ததும் 1970-களில் உற்சாகம் கிளம்பியது. 1980-இல் இங்கிலாந்தில் இருவர் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு நாற்காலிக்கு ஆண்ட்ரோஸ்டினோன் அடித்து, யார் அதில் உட்காருகிறார்கள் என்று எண்ணினார்கள். பெண்கள் கொஞ்சம் அதிகமாக உட்கார்ந்தார்கள் என்றார்கள். அந்த ஒற்றை நாற்காலியை வைத்து எத்தனை பத்திரிகைக் கட்டுரை வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்! இத்தனைக்கும் அந்த வாசம் சிலருக்கு மூத்திர நெடி, சிலருக்கு இனிப்பு, இன்னும் சிலருக்குத் தெரியவே தெரியாது. மூக்கில் வாசத்தைப் பிடிக்கிற ஏற்பிகளில் ஒன்றான OR7D4-இன் மரபணு வேறுபாடு அது. ஃபெரோமோன் பாட்டில்களில் வழக்கமாகச் சேர்ப்பதாகச் சொல்வது இந்தக் குடும்பத்துச் சரக்கைத்தான். ஆகவே தம்பி, பாட்டிலில் நிஜமாகவே அது இருந்தால், பன்றிப் பண்ணைப் பக்கம் போகும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை.

அடுத்து வந்த இரண்டு பொருட்கள்தான் இன்று வரை ஆராய்ச்சி உலகை ஆட்டிவைப்பவை: ஆண்ட்ரோஸ்டாடையீனோன், எஸ்ட்ராடெட்ராஈனால். முதலாவது ஆண் வாசமாம், இரண்டாவது பெண் வாசமாம். எங்கிருந்து வந்தன? 1991-இல் பாரிசில் ஒரு மாநாடு. அதற்குப் பணம் கொடுத்தது ஈராக்ஸ் என்ற நிறுவனம். அங்கே வாசித்த ஒரு கட்டுரையில் இந்த இரண்டும் 'மனித ஃபெரோமோனாகக் கருதப்படுபவை' என்று வந்தன. ஏன் இவை, வேறு நூற்றுக்கணக்கான பொருட்களை விட்டு ஏன் இந்த இரண்டு, எந்தச் செயலை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு வரி விளக்கம் இல்லை. பொருட்களைக் கொடுத்தது நிறுவனம், காப்புரிமையும் அங்கேயே. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிக்காட்டி, இரண்டையும் வாங்கி, மோக்க வைத்து, மூளைப் படம் எடுத்து, ஆய்வு மேல் ஆய்வாக அடுக்கிவிட்டார்கள். பல ஆய்வுகளில் மோக்கக் கொடுத்த அளவு அக்குளில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ராம் வயட் 2015-இல் இதையெல்லாம் போட்டு உடைத்தார். தொடக்கப் புள்ளிக்கே திரும்பிப் போங்கள் என்றார். 2017-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பொருளையும் ஒழுங்காகச் சோதித்தார்கள். முகத்தை ஆணா பெண்ணா என்று கணிப்பதிலும் சரி, அழகுக்கு மார்க் போடுவதிலும் சரி, ஒரு வித்தியாசமும் வரவில்லை.

பூட்டெனான்ட் பாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே மூலக்கூறு முதலில் வந்துவிட்டது. அது ஆட்டுகிற ஆட்டத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கும் இதில் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. பெண்கள் விடுதியில் சேர்ந்து இருந்தால் மாதவிலக்கு ஒரே நேரத்துக்கு வந்துவிடும் என்பதை நான் வருடக்கணக்கில் வகுப்பில் உண்மை என்றே நடத்தினேன். மார்த்தா மெக்ளின்டாக் 1971-இல் அமெரிக்க விடுதி ஒன்றில் 135 மாணவிகளை வைத்துச் சொன்னது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவிதான் ஒரு நாள் எழுந்து, "சார், எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் நாலு மாசம் சேந்து வந்துது, அப்புறம் விலகிப் போச்சு, அதை எந்தக் கணக்குல சேக்கறதுங்க சார்?" என்றாள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இரண்டு பேருக்கும் 28 நாள் சுழற்சி என்று வையுங்கள். தொடக்க நாட்களுக்கு இடையே அதிகபட்சம் 14 நாள்தான் விலகல் இருக்க முடியும். ஆக, எந்த வாசமும் இல்லாமல் வெறும் தற்செயலிலேயே சராசரி விலகல் 7 நாள். பாதி ஜோடிகள் ஒரு வாரத்துக்குள் விழுந்துவிடும். உதிரப்போக்கு நாலைந்து நாள் நீடிப்பதால் 'சேர்ந்து வருது' என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுழற்சி நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் சில மாதம் நெருங்கும், சில மாதம் விலகும். நெருங்கினது மட்டும் நினைவில் நிற்கும். 2006-இல் சீன விடுதிகளில் 186 பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில் ஒத்திசைவு எதுவும் இல்லை. அந்த மாணவிக்கு அடுத்த வகுப்பிலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இருந்தது, பரீட்சையில் வரும் என்று கடந்துபோனேன்.

டி-ஷர்ட் ஆய்வு பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995-இல் சுவிட்சர்லாந்தில் கிளாஸ் வெடெகிண்ட் ஆண்களை இரண்டு இரவு ஒரே சட்டையோடு படுக்க வைத்து, அதைப் பெண்களிடம் மோக்கக் கொடுத்தார். தங்களிடமிருந்து வேறுபட்ட நோயெதிர்ப்பு மரபணு உள்ளவர்களின் வாசமே பிடித்தது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு திசையில் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் அது ஃபெரோமோன் ஆகாது. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். தாய் தன் பச்சைக் குழந்தையின் சட்டையை வாசத்தாலேயே பிரித்துச் சொல்வாள். பிறந்து சில நாளான குழந்தை தன் தாயின் மார்த்துணி இருக்கும் பக்கம் தலையைத் திருப்பும். இரண்டும் சோதித்துப் பார்த்த உண்மைகள். ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறுபடுகிற வாசம், பழகிக் கற்றுக்கொள்வது. முகம் மாதிரி. ஃபெரோமோன் என்றால் இனம் முழுவதற்கும் ஒன்றே. என் வாளியில் இருக்கிற சரக்கு எந்தத் தோப்பு வண்டுக்கும் செல்லும்.

அப்படியானால் மனித வாசத்தில் ஒன்றுமே இல்லையா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வயதுக்கு வரும்போதுதான் அக்குளில் அந்த விசேஷச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. விழிக்கிற நேரமே சந்தேகத்தைக் கிளப்புகிறது. அங்கே வருகிற சுரப்புக்கு வாசம் கிடையாது. தோலில் குடியிருக்கிற பாக்டீரியா அதைத் தின்று வெளியே விடுவதுதான் வாடை. கை குலுக்கின பிறகு அந்தக் கையைத் தன்னை அறியாமல் மூக்கருகே கொண்டுபோகிறோம் என்று 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மறைகாமிரா வைத்துக் காட்டினார்கள். நீங்களே அடுத்த கல்யாண வீட்டில் கவனித்துப் பாருங்கள்.

அதே நிறுவனத்தார் 2021-இல் இன்னொன்று சொன்னார்கள். ஹெக்ஸாடெக்கனால் என்ற ஒரு பொருள், பச்சைக் குழந்தைகளின் தலையிலிருந்து வருவது. மோந்தவர்களுக்கு வாசம் என்று ஒன்றும் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டில் எதிராளி மீது காட்டுகிற ஆத்திரம் ஆண்களிடம் குறைந்தது, பெண்களிடம் கூடியது. குழந்தையைக் காக்க அப்படி இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வேறு கைகள் திருப்பிச் செய்து பார்க்கும் வரை நான் இதைக் கடனாகத்தான் எழுதி வைப்பேன். இருந்தாலும் அதைப் படித்த அன்று என் அம்மா நினைவுக்கு வந்தாள். எந்தக் குழந்தையைக் கையில் கொடுத்தாலும் முதலில் உச்சி மோந்துவிட்டுத்தான் முகத்தையே பார்ப்பாள். முத்தம் எல்லாம் அப்புறம்.

என்னைக் கேட்டால் பந்தயம் கட்ட வேண்டிய இடம் காதலும் இல்லை, அக்குளும் இல்லை. தாய் மார்பு. இதற்கு முன்மாதிரி முயல். தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரே முறை, சில நிமிடம் மட்டும் பால் கொடுக்கும். கண் திறக்காத குட்டி நொடிகளில் காம்பைப் பிடிக்காவிட்டால் பட்டினி. அந்தப் பாலில் 2-மெத்தில்பியூட்-2-ஈனல் என்ற ஒற்றைப் பொருள் குட்டிகளைக் காம்பு தேட வைக்கிறது என்று பிரான்சில் பெனுவா ஷால் குழு 2003-இல் காட்டியது. கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினாலும் குட்டி கவ்வப் பார்க்கும். எந்த முயல் குட்டியும், பிறந்த உடனே, யாரும் கற்றுக்கொடுக்காமல். வயட் கேட்கிற எல்லாப் படியும் இதில் இருக்கிறது.

அதே குழு 2009-இல் மனிதக் குழந்தைக்கு வந்தது. காம்பைச் சுற்றின கருவட்டத்தில் சின்னச் சின்ன முடிச்சாகத் தெரிகிறதே, மான்ட்கோமரி சுரப்பிகள், பிள்ளை பெற்ற பிறகு அவை சொட்டாகக் கசியும். அந்தக் கசிவை மூன்று நாள் குழந்தைகளின் மூக்குக்கு அடியில் காட்டினார்கள். பெற்ற தாயுடையது இல்லை, வேறு யாரோ ஒரு தாயுடையது. குழந்தைகள் வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, சப்புக்கொட்டின. மூச்சின் போக்கும் மாறியது. வேறு வாசங்களுக்கு அந்த அளவு அசைவு இல்லை. யாருடையதானாலும் சரி என்கிற அந்த ஒரு குணம், என் வாளியை நினைவுபடுத்துகிறது. இங்கே மட்டும்தான் ஆட்டம் முதலில் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

மிச்சமிருப்பது மூலக்கூறு. அந்தக் கசிவில் எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தெடுத்து, சோதனைச்சாலையில் செய்து, இன்னொரு குழந்தையின் மூக்கருகே அதே துளியளவு காட்ட வேண்டும். பூட்டெனான்ட் ஐந்து லட்சம் பூச்சியை விலைக்கு வாங்கி அறுத்தார். பிள்ளை பெற்று மூன்று நாளான தாயிடம் ஒரு மைக்ரோலிட்டருக்கே தயங்கித்தான் கேட்க முடியும். இன்றைய கருவிகளுக்கு அது போதும் என்கிறார்கள். அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் கிடைக்கிற அன்று உங்களுக்கு எழுதுகிறேன், தம்பி. பாட்டிலில் வராது, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.